வேட்டங்குடிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

காரைக்குடிக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் சரியாக எதையும் பார்க்காமல் திரும்பினேன். முதல் தடவை செப்டம்பர். கண்மாய் வெடித்துக் கிடந்தது. இரண்டாம் தடவை தண்ணீர் இருந்தது, ஆனால் நான் போய்ச் சேர்ந்தது பகல் 11 மணிக்கு. பாதிப் பறவை இரைக்குப் போயிருந்தது, மீதி வெயிலுக்குப் பயந்து இலைக்குள் அசையாமல் இருந்தது. மூன்றாம் தடவை பள்ளிப் பிள்ளைகள் 26 பேரோடு போனேன், கையில் கடிதம் இல்லாமல். கரை ஏறாமலே திரும்ப வேண்டியதாயிற்று. வண்டியில் வரும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சார், நாரையெல்லாம் நம்மள வர வேணாம்னு சொல்லிருச்சா?"

அந்தக் கேள்வி இன்னொரு பிள்ளை வாயில் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நாலாவது தடவை எல்லாம் கூடிவந்தது. அதற்கு என்னென்ன செய்தேனோ அதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தத் திருப்பத்தூர், எந்த வேட்டங்குடி

வெளியூர்க்காரர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். வேட்டங்குடி சரணாலயம் இருப்பது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம். வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூர் வேறு. ரயில் முன்பதிவில் "திருப்பத்தூர்" என்று தட்டினால் வருவது அந்த ஊர்தான். நம் திருப்பத்தூருக்கு ரயில் நிலையமே கிடையாது. சீர்காழிப் பக்கமும் வேட்டங்குடி என்று ஓர் ஊர் உண்டு. போதாததற்கு, வேடந்தாங்கலோடு இதைக் குழப்பிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வழி பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

கைபேசி வரைபடத்தில் "கொள்ளுகுடிப்பட்டி" என்று தேடுங்கள். மதுரை–மேலூர்–திருப்பத்தூர் சாலையில், மதுரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திருப்பத்தூரிலிருந்து 10 கிலோமீட்டர் போல வரும். சரணாலயம் என்றதும் பெரிய காட்டை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்ன கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள், எல்லாம் சேர்த்து 38.4 ஹெக்டேர். 1977ல் அறிவிக்கப்பட்டது. ஒரு கண்மாயை மட்டும் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். மூன்றையும் விசாரித்துப் பாருங்கள். ஒன்றில் ஈ காக்கை இல்லாத நாளில் இன்னொன்றில் மரம் வெள்ளை வெளேர் என்று இருக்கும்.

2. தேதியை மழையைப் பார்த்துக் குறியுங்கள்

விடுமுறை என்றைக்கு என்று பார்த்துத் தேதி குறித்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. இங்கே நாள் குறிப்பது மழை.

ஐப்பசியும் கார்த்திகையும் நம் இலக்கணத்தில் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பிடிக்கும். மழை பிடித்த மறுநாளே பறவை வந்துவிடாது. இவை மானாவாரிக் கண்மாய்கள்; நாலைந்து நல்ல மழை பெய்து, வரத்துக்கால் ஓடி, கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களின் அடியில் தண்ணீர் தேங்க வேண்டும். நாரைக்கு அந்தத் தண்ணீர்தான் வேலி. கீழே தண்ணீர் நின்றால் நாயும் பூனையும் கீரியும் மரத்துக்கு எளிதில் வராது. நத்தையும் மீனும் தவளையும் பெருகுவதும் அப்போதுதான். இரண்டும் அமைந்தால்தான் கூடு கட்டும்.

ஆகவே என் கணக்கு இது. ஐப்பசி நடுவில் போனால் வந்து இறங்குகிற கூட்டத்தைப் பார்க்கலாம். எண்ணிக்கை குறைவு, மழையில் நனையவும் தயாராக இருக்க வேண்டும். கார்த்திகையில் குச்சி சுமந்து கூடு கட்டுவதைப் பார்க்கலாம். முதல் முறை வருகிறவர்களுக்கு நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் நடு வரை நல்லது என்பேன். குஞ்சுகளைப் பார்க்க ஆசைப்பட்டால் மார்கழி, தை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் திருப்பத்தூரில் தெரிந்தவர் யாரிடமாவது ஒரே கேள்வி கேளுங்கள்: "கொள்ளுகுடிப்பட்டி கம்மாயில தண்ணி கெடக்கா?" கெடக்கு என்றால் கிளம்புங்கள். தெரிந்தவர் இல்லையென்றால், போகிற வழியில் திருப்பத்தூர் பேருந்து நிலையத்து ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. அக்டோபர் 24 திருப்பத்தூரிலும், 27 காளையார்கோவிலிலும் மருதுபாண்டியர் குருபூஜை; 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. அந்த வாரம் மாவட்டம் முழுக்கப் போலீஸ் காவல், போக்குவரத்து மாற்றம், வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு என்று இருக்கும். வெளியூர் வண்டியில் பிள்ளைகளோடு வருகிறவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடுவதே நல்லது. தீபாவளியை ஒட்டி ரயிலில் இடம் கிடைக்காது. கார்த்திகை பிறந்துவிட்டால் பிள்ளையார்பட்டியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். அங்கே தங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

3. வந்து சேர்வது, தங்குவது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குக் காரைக்குடி ஜங்ஷன். பிற்பகலில் எழும்பூரில் கிளம்பும் பல்லவன் இரவுக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. தேதியைத் தண்ணீர் தீர்மானிக்கிறபடியால், கார்த்திகையில் இரண்டு வார இறுதிகளுக்குச் சீட்டு எடுத்துவைத்து ஒன்றை ரத்து செய்வதுதான் நான் கண்ட வழி. ரத்துக் கட்டணம் போகும். வெறும் கண்மாயைப் பார்த்துத் திரும்புகிற செலவுக்கு அது எவ்வளவோ மேல்.

தெற்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் வருகிறவர்களுக்கு மதுரை வசதி. மாட்டுத்தாவணியில் மேலூர் வழியாகத் திருப்பத்தூர், காரைக்குடி போகிற பஸ்கள் அடிக்கடி உண்டு. ஏறும் முன்பே நடத்துநரிடம் "கொள்ளுகுடிப்பட்டிக்கு நிக்குமா" என்று கேட்டுவிடுங்கள். விரைவு வண்டிகள் சின்ன ஊர்களில் நிற்காமல் போய்விடும். நான் ஒருமுறை கேட்காமல் ஏறி, திருப்பத்தூர் போய்த் திரும்பி வந்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று. சாயங்கால வெளிச்சத்தில் முக்கால் மணி என்பது பாதிப் பயணம்.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் வந்து, அங்கிருந்து ஆட்டோ. போய், இரண்டரை மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட என்னிடம் 700 ரூபாய் வாங்கினார்கள். காத்திருப்புக்கும் சேர்த்தே பேசுங்கள். இருட்டிய பிறகு கரையில் நின்றுகொண்டு வண்டி தேடக் கூடாது. சாதாரண நகரப் பேருந்து அமைந்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

தங்குவதற்குத் திருப்பத்தூர் லாட்ஜ் போதும். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டு வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள். அழகானவைதான், ஆனால் வாடகை அதிகம், விடிகாலை ஐந்துக்குக் கிளம்புகிறவருக்குத் தூரமும் அதிகம். எங்கே தங்கினாலும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் அசல் அடையாள அட்டை கொண்டுவாருங்கள்.

4. காகிதங்கள்

நான் வதைபட்டது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி சரணாலயத்துக்குள் நுழைவதே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. படம் எடுக்க, ஆய்வு செய்ய, சுற்றிப் பார்க்க அனுமதி தருவதை 28ஆம் பிரிவு சொல்கிறது. குப்பை போடுவதும் பறவையைச் சீண்டுவதும் அதே சட்டப்படி குற்றம். இதைத் தெரிந்துகொண்டு போனால் வனக் காவலர் "இதுக்கு மேல போகாதீங்க" என்று சொல்லும்போது மனசு சுணங்காது.

நீங்கள் ஒருவரோ இருவரோ, கையில் பைனாகுலரோடு கரையில் நின்று பார்க்கப் போகிறீர்கள் என்றால் அடையாள அட்டை போதும். போனதும் வனக் காவலரைத் தேடி, எந்த ஊர், எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். எங்கே நிற்கலாம் என்று கேளுங்கள். கேட்கிறவருக்கு அவர்கள் நல்ல இடத்தைக் காட்டுவார்கள். இன்றைக்கு எந்த மரத்தில் கூடு என்பதுகூட அவர்களுக்குத் தெரியும்.

பள்ளி, கல்லூரி, குடியிருப்புச் சங்கம் என்று கூட்டமாகப் போனால் கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். கடிதம் போக வேண்டிய இடம் சிவகங்கை மாவட்ட வன அலுவலர். நகல் திருப்பத்தூர் வனச்சரக அலுவலருக்கு. நான் முதலில் வேறொரு துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அங்கிருந்து தானாகப் போய்ச்சேரும் என்று நம்பி மூன்று வாரம் காத்திருந்தேன். அது மேசையை விட்டு நகரவே இல்லை.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: போகும் தேதி, மழை கெடுத்தால் மாற்றுத் தேதி (இதை எழுதாமல் விட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்), வரும் நேரம், போகும் நேரம், பிள்ளைகள் எத்தனை, பெரியவர்கள் எத்தனை, பொறுப்பாளர் இருவரின் பெயரும் கைபேசி எண்ணும், வண்டி எண், எதற்காக வருகிறோம் என்று இரண்டு வரி. பள்ளியென்றால் தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும். பெயர்ப் பட்டியலைத் தனித்தாளில் இணையுங்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதங்கள் பள்ளியில் இருக்கட்டும். ஒரு நகல்கட்டு உங்கள் பையில் இருக்கட்டும்.

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். முடியாதவர்கள் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னால் கொடுங்கள். தீபாவளி வாரத்தில் எந்த அலுவலகத்திலும் கோப்பு நகராது. அதையும் கணக்கில் சேர்த்து, அக்டோபர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டால் நவம்பர் கடைசிக்கு நிம்மதி. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பணிவாக நினைவுபடுத்துங்கள். அனுமதிக் கடிதம் வந்ததும் மூன்று நகல் எடுத்து ஒன்றை ஓட்டுநரிடம் கொடுங்கள்.

பெரிய கேமராவும் முக்காலியும் வைத்துப் படம்பிடிப்பவர்கள், குறும்படம் எடுப்பவர்கள், யூடியூபர்கள் தனியாக அனுமதி கேட்க வேண்டும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். பருந்து வந்தது போலப் பயந்து முழுக் கூட்டமும் எழும்பும். அந்தக் கொஞ்ச நேரத்தில் காக்கை கூட்டுக்குள் இறங்கி முட்டையைக் கொண்டுபோய்விடும்.

5. பையில் என்ன

பைனாகுலர் வாங்குகிறவர்கள் 8x42 என்று எழுதியதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்பதால் அந்தி வெளிச்சத்திலும் தெளிவாக இருக்கும். நல்ல தொடக்க நிலைக் கருவி 5,000 ரூபாயிலிருந்து உண்டு. 20 மடங்கு, 30 மடங்கு என்று சந்தையில் விற்பவை கையில் ஆடும், இருட்டாகத் தெரியும்; பிள்ளைகளுக்குக் கண்வலிதான் மிஞ்சும். வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நாரை பெரிய பறவை. கூடு கட்டுவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

மங்கிய பச்சை, காவி, சாம்பல் நிறச் சட்டை. மூடிய செருப்பு அல்லது ஷூ கட்டாயம்; மழைக்குப் பின் கரைப் புல்லில் பாம்பு இருக்கும், அந்தியில் டார்ச் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. குடையை விட மழைக்கோட்டு நல்லது, விரித்த குடை பறவையை மிரட்டும். இடி இடித்தால் மரத்தடியிலும் திறந்த கரையிலும் நிற்காமல் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். ஐப்பசி மழை பெரும்பாலும் இடியோடு சாயங்காலம்தான் இறங்கும்.

சாப்பாட்டைத் திருப்பத்தூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப்போங்கள். கரையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலம் பிரிக்கக் கூடாது என்று நான் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் குப்பை மட்டும் இல்லை. சோறு சிந்தினால் காக்கை வரும். வந்த காக்கை நாம் போன பிறகும் அங்கேயே இருக்கும், கூட்டைப் பார்த்துக்கொண்டு.

6. எத்தனை மணிக்கு, எங்கே நிற்பது

ஒரே ஒரு நேரம்தான் கிடைக்கும் என்றால் சாயங்காலம். நவம்பரில் ஆறு மணிக்கே பொழுது இறங்கிவிடும். நாலு மணிக்குக் கரையில் இருங்கள். நாலரைக்கு மேல் உண்ணிக்கொக்குகள் தாழப் பறந்து வரிசை வரிசையாக வரும். பிறகு நீர்க்காகங்கள். நத்தைகுத்தி நாரை உயரத்தில் வட்டமடித்து, காலைத் தொங்கப்போட்டு, சடாரென்று இறங்கும். கடைசியில், மற்றவை அடங்குகிற நேரத்தில், "க்வாக்" என்ற ஒற்றைக் குரலோடு வக்கா கிளம்பும். அது இரவில் இரை தேடுகிற பறவை. எல்லாரும் வீட்டுக்கு வரும்போது அது வேலைக்குப் போகும். அதைப் பார்க்காமல் வண்டி ஏறாதீர்கள்.

இரண்டு நேரம் கிடைத்தால் மறுநாள் விடிகாலையும் வாருங்கள். ஆறேகால் மணி போலச் சூரியன் உதிக்கும், அதற்கு முன்னால் வந்து அசையாமல் நில்லுங்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையின் கிழக்குப் பக்கம், மாலையில் மேற்குப் பக்கம். எதிர்வெயிலில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். நான் ஒரு சாயங்காலம் முழுக்க நாரைகளை நீர்க்காகம் என்று குறித்துவைத்திருந்தேன்.

போனவுடன் பெயர் தேடிப் பறக்காதீர்கள். முதல் கால் மணி சும்மா நில்லுங்கள். நாம் வந்த சலனம் அடங்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

7. என்ன பார்க்கிறோம்

நத்தைகுத்தி நாரையில் தொடங்குங்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து உள்சதையை எடுக்கத் தோதான அலகு. மஞ்சள்மூக்கு நாரை உருவத்தில் அதைவிடப் பெரியது, முதுகுப்பக்கம் ரோஜா நிறம் ஓடும். கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன் இரண்டுக்கும் பெயரே அடையாளம். பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரியும், பிறகு மரத்தில் ஏறி இறக்கையை விரித்துக் காயவைக்கும். சாம்பல் நாரை, வக்கா, சின்னக்கொக்கு, மடையான். தண்ணீரில் முக்குளிப்பான், தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து. அதிர்ஷ்டம் இருந்தால் ஊசிவால் வாத்தும் கிளுவையும்.

ஒரு விஷயத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். இங்கே இருப்பதெல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஊசிவாலும் கிளுவையும் வடக்கேயிருந்து வலசை வருபவைதான். ஆனால் மரம் நிறையக் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தியும் மஞ்சள்மூக்கும் பாம்புத்தாராவும் வக்காவும் நம் நாட்டுப் பறவைகளே. தண்ணீர் இருக்கும் இடம் தேடி ஊர்விட்டு ஊர் வருகின்றன. வெளிநாட்டு விருந்தாளி என்றால்தான் மதிப்பு என்று நினைப்பதால், பக்கத்து ஊரணியில் நிற்கிற அதே நாரையை நாம் திரும்பியும் பார்ப்பதில்லை.

8. ஊர் வைத்திருக்கும் கட்டுப்பாடு

கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பல பத்தாண்டு வழக்கம் இது. கோயில் திருவிழாவிலும் அப்படித்தான். வெளியிலிருந்து போகிற நாம் ஹார்ன் அடித்துக்கொண்டு கரையில் வண்டி ஏற்றினால், அந்த ஊர்ப் பிள்ளைகள் வருஷா வருஷம் விட்டுக்கொடுத்த மத்தாப்புக்கும் சரவெடிக்கும் என்ன அர்த்தம்? வண்டியை ஊர் ஓரத்திலேயே நிறுத்தி நடந்து வாருங்கள். கைபேசியை ஓசையடக்கி வையுங்கள். செயலியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். கைதட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுக்க யாராவது முயன்றால் அவரை நீங்களே தடுங்கள்.

நாலாவது தடவை போனபோது நான் முக்காலியை விரித்துக்கொண்டிருந்தேன். ஆடு பற்றி வந்த அப்பத்தா ஒருவர் பக்கத்தில் வந்து, குரலே எழும்பாமல் சொன்னார்: "தம்பி, சட்டுபுட்டுன்னு சத்தங் காட்டாம வையி. அந்தா, அந்த மரத்துல நேத்துத்தான் அடைக்கு உக்காந்துருக்கு." நான் ஒரு மணி நேரமாகப் பார்த்தும் கண்ணில் படாத கூடு அது.

9. மழை பொய்த்தால்

தண்ணீர் இல்லை என்று தெரிந்தால் வேட்டங்குடிக்குப் போகாதீர்கள். சீட்டு எடுத்துவிட்டோமே என்று வந்து நிற்பதில் பயன் இல்லை. அந்த நாளைச் செட்டிநாட்டு ஊரணிகளுக்குக் கொடுங்கள். செட்டிநாட்டு ஊர்களில் படிக்கட்டு கட்டிய ஊரணி அனேகமாக இருக்கும். கொஞ்சம் தண்ணீர் கிடந்தாலும் மீன்கொத்தி, மடையான், தாழைக்கோழி, முக்குளிப்பான் கிடைக்கும். ஊர்களுக்கு நடுவே பொட்டல் காட்டு மின்கம்பியில் பனங்காடையும் பஞ்சுருட்டானும் கரிச்சானும் உட்கார்ந்திருக்கும். குடிதண்ணீர் ஊரணியில் கால் நனைக்காதீர்கள், படியில் செருப்போடு இறங்காதீர்கள்.

10. திரும்பி வந்த பிறகு

பார்த்ததை அன்றைக்கே எழுதிவிடுங்கள்: தேதி, நேரம், எந்தக் கண்மாய், தண்ணீர் எவ்வளவு, எந்தப் பறவை எத்தனை. பறவைக் குறிப்புகளைப் பதிவுசெய்யும் இபேர்ட் (eBird) செயலி இலவசம். அதில் ஏற்றினால் அடுத்து வருகிறவர் தண்ணீர் இருக்கிறதா, பறவை வந்ததா என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பொங்கலை ஒட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் இல்லை. கூட்டைக் கிட்டத்தில் எடுத்த படத்தை இடம் தெரிகிறபடி பகிராதீர்கள்.

கூட்டமாகப் போனவர்கள் வனச்சரக அலுவலகத்துக்கு நன்றி சொல்லி ஒரு கடிதமும் பறவைப் பட்டியலும் அனுப்புங்கள். நாங்கள் அனுப்பினோம். பட்டியலை எழுதியது அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை. நத்தைகுத்திக்கு எதிரே "112, எண்ணி முடியல" என்று எழுதியிருந்தாள். அதை அடிக்காமல் அப்படியே அனுப்பினேன்.